சீமாட்டி ருசி பார்த்தது

— சாவியைக் குடு, குட்டி.

— தர மாட்டேன், அண்ணா.

— பாகு டேங்குக்குப் பூட்டு போடற அளவுக்கு வந்தாச்சா? இது தீவன மில்லா, இல்ல உன் துணி பீரோவா?

— என்ன வேணா சொல்லிக்கோ. ஏழு மணிக்குக் கலக்கற டிரம் ஓடறதுக்கு முன்னாடியே வால்வைப் பூட்டிட்டேன். இன்னைக்குக் கலந்த லாட்டுல ஒரு சொட்டு கரும்புப்பாகு கிடையாது. ஓட்ஸ், தவிடு, காய்ஞ்ச குதிரைமசால் தழை, கொஞ்சம் உப்பு. அவ்வளவுதான்.

— விஷயத்துக்கு வா. வாசல்ல லாரி நிக்குது. ரைடிங் ஸ்கூலுக்கு நாப்பது மூட்டை போகணும். தைக்கற மெஷின் சும்மா கிடக்குது. ஏன் சும்மா கிடக்குது?

— உனக்கே தெரியும்.

— உன் வாயால சொல்லு.

— சீமாட்டி சாப்பிடல.

— சத்தமா.

— சீமாட்டி ரெண்டு வாய் எடுத்துட்டுத் தலையைத் திருப்பிக்கிட்டா. போதுமா?

— போதும். நம்ம மில்லு சட்டம் என்ன? எந்த லாட்டைக் கலந்தாலும் முதல் தொட்டி நம்ம குதிரை சீமாட்டிக்கு. அவ தொட்டியைக் காலி பண்ணினா மூட்டையைத் தைக்கலாம். பண்ணலேன்னா ஒரு தையல் விழாது. சாக்குல அவ மூஞ்சியைப் போட்டு, கீழ ‘சீமாட்டி ருசி பார்த்தது’ன்னு அச்சடிச்சு வித்துக்கிட்டிருக்கோம். அந்த சட்டத்தை எழுதினது நான் இல்ல. நீ. உன் கையெழுத்துல அதோ சுவத்துல தொங்குது.

— ஆமா. எழுதினேன். அதுக்கென்ன?

— அதுக்கென்னவா? பாகு இல்லாம அவ திங்க மாட்டா. அவ திங்கலேன்னா எந்தக் குதிரையும் திங்காது. குதிரை திங்காத தீவனத்தை யாரு வாங்குவா? சாவியைக் குடு, அந்த லாட்டை மறுபடி டிரம்ல கொட்டி நூத்துக்கு ஒன்பது கிலோ ஊத்தி எடுத்தா, பதினொரு மணிக்கு லாரி கிளம்பிடும்.

— லாரி கிளம்பும். அப்புறம் இன்னொரு வண்டி வருமே, அது?

— அதை ஏன் இப்ப இழுக்கற?

— மதியம் ரெண்டு மணிக்கு சீமாட்டியை ஊசி போட்டு முடிச்சுவிட ஏத்திட்டுப் போக வண்டி வருது. என்கிட்ட சொல்லக்கூட இல்ல. வாட்ச்மேன் சொல்லித் தெரியுது எனக்கு. கூடப்பிறந்தவகிட்ட சொல்ல வேண்டாமா?

— சொன்னா நீ இப்படித்தான் ஒத்தக் கால்ல நிப்ப.

— நிப்பேன்தான். நான் ஒத்தக் கால்லயாவது நிக்கறேன். அவளால நாலு கால்லயும் நிக்க முடியல. லாடக்கார மாமா, அந்தக் காலை விட்டுட்டு கொஞ்சம் நிமிருங்க. இவர்கிட்ட சொல்லுங்க.

— ஐயோ தங்கச்சி, நமக்கென்ன? அண்ணன் தங்கச்சி பேச்சுல நான் எதுக்கு? நான் காலைப் பாக்க வந்தவன். காலைப் பாத்துட்டுப் போயிடறேன்.

— காலைத்தான் கேக்கறேன். என்ன பாத்தீங்க, அதைச் சொல்லுங்க.

— முன்னங்கால் ரெண்டும் அடுப்பா கொதிக்குது. கணுவுக்குக் கீழ கையை வெச்சா நாடி தடதடன்னு அடிக்குது. உடம்பு பாரத்தையெல்லாம் பின்னால சாய்ச்சுக்கிட்டு, முன்னங்காலை நீட்டி வெச்சுக்கிட்டு நிக்கறா பாருங்க, முதலாளி. முன்னால ஊன்ற வலி தாங்கல. குளம்புல மேலேர்ந்து கீழ வரைக்கும் வளையம் வளையமா இருக்கு. உள்ள வீங்கி அடங்கின ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வளையம்.

— எத்தனை வளையம்?

— எண்ணினா மனசு கஷ்டப்படும். விடுங்க.

— எதனால வருது, அதைச் சொல்லுங்க மாமா. முழுங்காதீங்க.

— நிறைய காரணம் இருக்கலாம் தங்கச்சி. வயசு. வெயிட்டு. நமக்கென்ன தெரியும்?

— நாப்பது வருஷமா குதிரைக் காலடியில உக்காந்திருக்கீங்க. உங்களுக்குத் தெரியாதா?

— சரி. கேட்டுட்ட, சொல்லிடறேன். இனிப்பு. சில குதிரைக்கு உடம்புல சர்க்கரை ஏறினா அது நேரா குளம்புலதான் போய் இறங்கும். இவ கழுத்து மேட்டைத் தொட்டுப் பாருங்க, கொழுப்பு கட்டி கட்டையா கிடக்கு. இந்த ஜாதிக்கு இனிப்பு ஆகவே ஆகாது.

— ஜாதியாம். லாடக்காரரே, ஆறு வாரத்துக்கு ஒரு தடவை இங்க வந்து வேலை பாக்கறீங்க. இத்தனை நாள் இதைச் சொல்லலையே?

— நீங்க கேக்கல முதலாளி. அதுவுமில்லாம, உங்க சாக்கு வாங்கற வீடெல்லாம் என் வாடிக்கை. தீவன மில்லு முதலாளியைப் பத்தி அங்க போய் வாயைத் திறந்தா என் பொழப்பு என்னாகும்? நான் ஊமையா இருந்தேன், ஒத்துக்கறேன். ஆனா இந்த வருஷம் மட்டும் இதே மாதிரி பதினோரு குதிரை பாத்துட்டேன். பதினோரு கொட்டாயிலயும் மூலையில சீமாட்டி மூஞ்சி போட்ட சாக்கு. அது போக ரைடிங் ஸ்கூல்ல மூணு மட்டக்குதிரை, பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு சுத்தி வர்றதுங்க. மூணும் படுத்துக் கிடக்குது.

— கேட்டியா அண்ணா? அந்த ஸ்கூலுக்குத்தான் நாப்பது மூட்டை ஏத்தணுங்கற.

— எல்லாப் பழியும் பாகு மேலயா? மார்க்கெட்ல எந்தத் தீவனத்துல பாகு இல்ல, சொல்லு? தூசி அடங்க ஊத்தறான். உருண்டை உடையாம ஒட்டிக்க ஊத்தறான். மருந்து வாசனை தெரியாம இருக்க ஊத்தறான். உலகமே ஊத்துது. நாம மட்டும் என்ன பெரிய உத்தமரா?

— உலகம் ஊத்தட்டும். அவங்க சாக்குல ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ன்னு பச்சை எழுத்துல போடறாங்களா? நாம போடறோம்.

— சர்க்கரையைக் கொட்டறோமா என்ன? பாகு வேற, சர்க்கரை வேற.

— அண்ணா, என் காதுல பூ சுத்தாதே. தினமும் அந்தப் பாகு மேல நடக்கறவ நான். டிரம் பக்கத்துல செருப்பு தரையோட ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது. சாயங்காலம் வீட்டுக்குப் போனா என் சேலையில எறும்பு ஏறுது. சர்க்கரை இல்லையாம். எறும்புகிட்ட போய் அந்தப் பச்சை எழுத்தைக் காட்டேன், படிச்சுட்டுத் திரும்பிப் போகுதான்னு பாப்போம்.

— நல்லாத்தான் பேசற. ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. இந்த மில்லுல முதல் முதலா பாகு ஊத்தினது யாரு?

— அந்தப் பழைய கதை எதுக்கு இப்ப?

— பழைய கதைதான், கேளு. ஆறு வருஷம் முன்னாடி சீமாட்டி பாதித் தொட்டியை மிச்சம் வெச்சா. ‘அண்ணா, அரை மக்கு பாகு ஊத்திப் பாக்கறேன்’னு வந்தது யாரு? வேண்டாம், இருக்கறபடி இருக்கட்டும்னு சொன்னது யாரு?

— ஊத்தினது நான்தான்.

— அந்த அரை மக்கு ஒரு மக்காச்சு. அடுத்த வருஷம் திரும்பவும் மிச்சம் வெச்சா. ரெண்டு மக்கு. அப்புறம் வாளி. அப்புறம் டேங்கே வாங்கினோம். ஒவ்வொரு தடவையும் அவ முகத்தைத் திருப்பினா நீ அளவை ஏத்தின. நூத்துக்கு ஒண்ணுலேர்ந்து ஒன்பதுக்கு வந்தது உன் கையாலதான், என் கையால இல்ல.

— ஆமா. என் கைதான். ராத்திரி படுத்தா அதே நினைப்பு. அவளுக்குப் பிடிக்கணும் பிடிக்கணும்னு ஊத்தி ஊத்தி அவ காலை நானே முறிச்சிருக்கேன். எழுதி வெச்சுக்கோ, நானே சொல்றேன். அதனாலதான் நிறுத்தறதும் நானா இருக்கணும். நீ போலீஸைக் கூப்பிடு, என்னைத் தூக்கி வெளிய போடு. இந்த டேங்குலேர்ந்து இனிமே ஒரு சொட்டு இறங்காது.

— இறங்கலேன்னா மில்லு நிக்கும். இருபத்தி ரெண்டு பேர் வேலை பாக்கறாங்க. அவங்க வீட்டுல போய் எறும்பு கதை சொல்வியா?

— சொல்வேன். வீடு வீடா போய் சொல்வேன். பதினோரு கொட்டாய்க்கும் போய், உங்க குதிரை காலைக் கெடுத்தவ நான்தான்னு சொல்வேன். உன்னால முடிஞ்சா தடு.

— பைத்தியமா உனக்கு?

— இருக்கட்டும். ஒண்ணு சொல்லு அண்ணா. சீமாட்டியை அனுப்பிட்டு?

— அடுத்த வாரம் சின்ன வயசுக் குதிரை ஒண்ணு வருது. செவலை. நல்ல காலு.

— நல்ல காலு. அதுக்கும் ஆறு வருஷம் ஊட்டி அதையும் இப்படி நிக்க வெக்கலாம்னு பாக்கறியா? அப்புறம் இன்னொண்ணு? சாக்குல மட்டும் மூஞ்சியை மாத்திக்கிட்டே போவியா?

— எனக்கு மட்டும் ஆசையா என்ன? நீ என்னமோ நான் கல்லு மாதிரி பேசற. காலைல நான் கொட்டாய்க்குப் போனா அவ கனைக்கிற கனைப்பு எனக்குத் தெரியாதா? வண்டி வர்ற நேரத்துக்கு எங்கயாவது வெளிய போயிடலாம்னு இருந்தேன். பாக்க முடியாது என்னால. ஆனா பாகு குடுத்தா காலு போகுது, பாகு குடுக்கலேன்னா பட்டினி கிடக்கறா. ரெண்டுல எதைச் செய்யச் சொல்ற? வலியோட நிக்க வெச்சு வேடிக்கை பாக்கவா?

— சாப்பிடுவா. ரெண்டு நாள் பழகினா சாப்பிடுவா.

— ரெண்டு நாளா? சரி, எனக்கும் ஒரு மனசாட்சி இருக்கு. லாடக்காரரே, நீங்களே சாட்சி. குட்டி, உன் பாகு இல்லாத தீவனத்தை ஒரு தொட்டி இப்ப என் கண் முன்னால வை. அவ காலி பண்ணட்டும், ரெண்டு மணி வண்டியைத் திருப்பி அனுப்பறேன். சாக்கையும் தைக்கலாம். பண்ணலேன்னா சாவி என் கைக்கு வரணும். வண்டியும் வரும். சம்மதமா?

— சம்மதம்.

— யோசிச்சுச் சொல்லு தங்கச்சி. காலைலதான் வேண்டாம்னு தள்ளியிருக்கா.

— யோசிக்க என்ன இருக்கு மாமா? அவ எனக்காக சாப்பிடுவா. இந்தா சீமாட்டி, இங்க வாடி. வர வேண்டாம், நானே கொண்டு வரேன், நீ நில்லு. பாரு, குதிரைமசால் வாசனை எப்படி இருக்கு. சாப்பிடு கண்ணு. ஒரே ஒரு தடவை என் மானத்தைக் காப்பாத்து.

— வாய் வெச்சுட்டா.

— பாத்தியா அண்ணா? திங்கறா. நல்லாத் திங்கறா.

— அவசரப்படாதே. எண்ணு. ஒரு வாய். ரெண்டு.

— மூணாவது எடுப்பா.

— எடுக்கல.

— எடுப்பா, இரு.

— தொட்டியை விட்டு நகர்ந்துட்டா, குட்டி. கையை நீட்டு. சாவி.

— இன்னும் கொஞ்ச நேரம் குடு அண்ணா. அஞ்சு நிமிஷம்.

— பேச்சு பேச்சா இருக்கணும். அழாதே. அழுதா நான் இன்னும் மோசமாயிடுவேன். சாவி.

— முதலாளி, ஒரு நிமிஷம்.

— நீங்க எதுக்கு இப்ப? நமக்கென்னன்னு சொல்லிக்கிட்டிருந்தீங்களே.

— இப்பவும் அதான் சொல்றேன், காலை விட்டா நமக்கு வேற தெரியாது. ஆனா நான் எப்ப வந்தாலும் இவ காலடியில குனிஞ்சுதான் இருப்பேன். இவ திங்கறதை நேருக்கு நேரா இன்னைக்குத்தான் நிமிந்து பாக்கறேன். தங்கச்சி, கீழ விழுந்து கிடக்கே, அது என்ன?

— வாயிலேர்ந்து விழுந்தது மாமா. பாதி மென்னுட்டு உருண்டையா துப்பிடுவா. செல்லம் ஜாஸ்தி.

— காய்ஞ்ச புல்லு போட்டா?

— அதையும் அப்படித்தான். மென்னு மென்னு துப்பிட்டுப் போயிடுவா. பச்சைப் புல்லுன்னா ஒழுங்காத் திம்பா. பெரிய இடத்துப் பொண்ணுன்னு நாங்க சிரிப்போம்.

— மெல்லும்போது தலையை இடது பக்கம் சாய்ச்சாளே, அது எப்பவுமா?

— எப்பவும்தான். அது அவ ஸ்டைலு. சாக்குல இருக்கற போட்டோகூட அப்படித்தானே இருக்கு.

— ம். இந்த வாளியில இருக்கறது நல்ல தண்ணியா?

— அவ கால்ல ஊத்தக் கொண்டு வந்தது. இன்னும் கால் வெக்கல. சுத்தமான தண்ணி.

— அதுல ஒரு அரை வாளியை அந்தத் தொட்டியில ஊத்து. அதே தீவனத்துலதான். கையால நல்லா பிசைஞ்சு விடு.

— தண்ணியையா? லாடக்காரரே, விளையாட்டா இருக்கா? பாகு இல்லாம தொட்டியைத் தொடாதவ வெறுந்தண்ணிக்கு மசிவாளா? அதுல என்ன ருசி இருக்கு?

— ஒண்ணும் இல்ல முதலாளி. அதுக்குத்தான் ஊத்தச் சொல்றேன். ஒரு கால் மணி நேரம் ஊறட்டும். லாரிக்காரர் ஒரு டீ குடிச்சுட்டு வரட்டும்.

— நீ ஊத்து குட்டி. இதையும் பாத்துடுவோம். அப்புறம் என்னை யாரும் குறை சொல்லக் கூடாது.

— ஊத்தறேன். அண்ணா, இந்தக் கால் மணி நேரத்துல ஒண்ணு சொல்லிடறேன். இப்ப அவ திங்கலேன்னாலும் நான் சாவி தரப் போறதில்ல.

— சம்மதம்னு சொன்னியே.

— பொய் சொன்னேன். வண்டி வந்தா கொட்டாய்க் கதவுல நான் படுத்துக்குவேன். என்னைத் தாண்டிட்டு அவளைக் கூட்டிக்கிட்டுப் போ. கையால ஒவ்வொரு வாயா ஊட்டறேன். எத்தனை மாசம் ஆனாலும் சரி.

— வெக்கமா இல்ல உனக்கு, பேச்சு மாற?

— இல்ல. துளிகூட இல்ல.

— சின்ன வயசுலேர்ந்தே நீ இப்படித்தான். வேண்டாம்னு சொன்னா அதைத்தான் செய்வ.

— பேசிக்கிட்டே இருங்க, நமக்கென்ன. கால் மணி நேரமாச்சு, ஊறிடுச்சு. தங்கச்சி, தொட்டியை அவ மூக்குகிட்ட நகர்த்து. ரெண்டு பேரும் சத்தம் போடாதீங்க.

— வாய் வெக்கறா.

— எண்ணுங்க முதலாளி. எண்ணிக்கிட்டிருந்தீங்களே.

— ரெண்டு. மூணு. நாலு. கீழ எதுவும் விழலையே.

— விழாது.

— அண்ணா, தொட்டியை நக்கறா. அடியை நக்கறா அண்ணா.

— இது எப்படி? ஒரு சொட்டு இனிப்பு இல்ல. வெறும் தண்ணி. லாடக்காரரே, தண்ணியில என்ன போட்டீங்க?

— நான் எங்க தொட்டேன்? ஊத்தினது உங்க தங்கச்சி. கடிவாளக் கயித்தைப் பிடிங்க முதலாளி, கெட்டியா. தலையை ஆட்ட விடாதீங்க. தங்கச்சி, நீ அந்தப் பக்கம் நின்னு கழுத்தைத் தடவிக்கிட்டே இரு. நாக்கை இப்படி ஒதுக்கிக்கிட்டு கையை உள்ள விட்டா தெரிஞ்சுடும். இரு தாயி, இரு. கடிச்சுடாதே, எனக்கு இருக்கறது பத்து விரலுதான். ஆங். இதோ.

— என்ன இதோ?

— வலது பக்கம், கடைசிக் கடைவாய்ப் பல்லு. கொக்கியா வளர்ந்து கீழ நீண்டிருக்கு. ஓரமெல்லாம் கத்தி. கன்னத்துல உள்பக்கம் குழியாவே போயிருக்கு. புண்ணு ஆறி ஆறி, மறுபடி கிழிஞ்சு, தழும்பு மேல தழும்பு. இது இன்னைக்கு வந்ததில்ல முதலாளி. அஞ்சாறு வருஷம் இருக்கும்.

— பல்லா?

— பல்லுதான். காய்ஞ்சதை மென்னா ஒவ்வொரு கடிக்கும் கன்னம் கிழியும். பாகு ஊத்தினா தீவனம் ஊறிப் பதமாயிடும், வலிக்காது. அதான் தின்னிருக்கா. பல்லு வளர வளர இன்னும் பதமா கேட்டிருக்கா, நீங்க இன்னும் ஊத்தியிருக்கீங்க. டாக்டரைக் கூப்பிட்டு அரத்தால ராவி விட்டா அரை மணி நேர வேலை.

— ஆறு வருஷமா இவ வாயை யாருமே திறந்து பாக்கலையா?

— தொட்டி காலியாச்சுல்ல முதலாளி. தொட்டி காலியாகிற குதிரை வாயை எவன் திறப்பான்? நான் உட்பட.

— குட்டி.

— சொல்லு அண்ணா.

— பாகு இல்லாம எந்தக் குதிரையும் திங்காதுன்னு நான் அத்தனை பேர்கிட்டயும் சொன்னேனே. அந்தப் பதினோரு குதிரை, ரைடிங் ஸ்கூல்ல படுத்துக் கிடக்கற மூணு, அதுக்கெல்லாம் இனிப்பு இல்லாம இறங்காதுன்னு நமக்கு யாரு சொன்னது?

— இவ ஒருத்திதான் அண்ணா. வேற ஒரு குதிரையையும் நாம கேக்கவே இல்ல.